சித்திரக்கதை வீரரும் வெற்றியும்

அமெரிக்கச் சித்திரக்கதைகளைப் பயில்வோரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கொன்று உண்டு. சுப்பர்மானும் பற்மானும் தம்முட் பொருவராயின் வெல்பவர் யாவர் என்பதே அது. இதனைச் சிறுவர் பேச்சென்று தள்ளுவாரும் உளர். எனினும், கதைமாந்தரின் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்னும் வினா இதனுள் அடங்கியிருத்தலின், திறனாய்வாளன் இதனைப் புறக்கணித்தல் பொருந்தாது.

வலியை அளந்து முடிவுகூற விழைவோர், எந்த ஆண்டுச் சுப்பர்மானைக் கருதுகின்றனர் என்பதை முதற்கண் கூறல் வேண்டும். 1938இல் ஜெரி சீகலும் ஜோ சுஸ்ரரும் படைத்த வீரன் பறத்தலை அறியான். ஒரு மைலின் எட்டிலொரு பங்கு தூரம் தாவுவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டு அவன் தோலைத் துளைத்தலுங் கூடும். பின்வந்தோர் அவனுக்குப் பறக்கும் ஆற்றலை அளித்தனர். கண்ணினின்று வெப்பம் உமிழச் செய்தனர். கோள்களையே பெயர்க்கும் வலியும் ஈந்தனர். எவராலும் வெல்லப்படாதவனுக்குக் கதை ஏது? ஆதலின் அவனை நலிவிக்கும் கிரிப்டோனைற் என்னும் பொருள் வேண்டியதாயிற்று. அது 1943இல் வானொலித் தொடரில் தோன்றிப் பின்னரே சித்திரக்கதையுட் புகுந்தது. 1978இல் வெளிவந்த நூலொன்றிற் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி அவனை வென்றதும், அவன் ஆற்றல் நீக்கப்பட்ட பின்னரேயாம். இத்தகைய வலியை அளக்க எந்தக் கோலை நாடுவது?

வாசகரின் வாக்கை நாடினாரும் உளர். 1996இல் டி.சி., மார்வெல் என்னும் இரு வெளியீட்டு நிறுவனங்களும் தத்தம் வீரரை ஒரே கதையில் மோதவிட்டு, ஐந்து போர்களின் முடிவை வாசகரிடம் ஒப்படைத்தன. சுப்பர்மானோடு நிகர்நின்று பொரவல்ல லோபோவை, அத்துணை உடல்வலி இல்லாத வொல்வரின் வென்றதாக முடிவு வந்தது. கதையாசிரியர் செய்ததென்ன? இருவரும் மதுச்சாலையிலுள்ள பலகையின் பின்னே வீழ்கின்றனர். சற்றுப் பொறுத்து வொல்வரின் மட்டும் எழுந்து வருகின்றான். நிகழ்ந்தது யாதென வாசகன் காணவில்லை. வாக்கு வெற்றியாளனைக் காட்டிற்று. வென்ற வழியைக் காட்டவில்லை. சுவை அவ்வழியிலன்றோ உளது!

எம் கருத்தில், இவ்வழக்கிற்கு ஏற்ற விடை 1986இல் வெளிவந்த பிராங்க் மில்லரின் நூலிலேயே உளது. அதில் முதுமையுற்ற பற்மான் சுப்பர்மானை வீழ்த்துகின்றான். இரும்புக் கவசம், நகரின் மின்னாற்றல், துணைவன் எய்த கிரிப்டோனைற் அம்பு ஆகிய யாவும் முன்னரே வகுக்கப்பட்டவை. 1939இல் துப்பறிவோனாகத் தோன்றியவனுக்கு முன்னறிதலே இயற்கையான படைக்கலம் என்க. மேலும், மில்லரின் சுப்பர்மான் கொல்ல விரும்பாது தன் கையை அடக்கியே பொருகின்றான். இதுவும் அவன் இயல்பேயாம். இவ்விரு பண்பும் மோதுதலினாலேயே முடிவு வலிந்து புகுத்தப்பட்டதாகத் தோன்றவில்லை.

‘பற்மானே வென்றான்’ என்று இந்நூலை மேற்கோளாக எடுத்தோதுவோர் இதன் இறுதியை மறந்துவிடுகின்றனர். போர் முடிவில் பற்மான் நெஞ்சம் நின்று வீழ்கின்றான். உலகம் அவனை இறந்தவனெனக் கொள்கின்றது. அடக்கம் செய்யுமிடத்து நின்ற சுப்பர்மானின் செவிக்கு, மண்ணினுள்ளிருந்து மெல்லியதொரு நெஞ்சத்துடிப்புக் கேட்கின்றது. அவன் அங்கு நின்ற பற்மானின் இளந்துணைவியை நோக்கிக் கண்சிமிட்டிவிட்டு, எவருக்கும் உரையாது அகல்கின்றான்.