காதறுத்த கதையும் வரிசையறிந்த அவையும்

தகாத சொல்லை ஒறுத்தல் முறையோ, முறையெனின் ஒறுத்தற்குரியார் யாவர் என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. எவரும் எதனையும் நொடியில் ஊரறியச் சொல்லும் இந்நாளில் அது மீண்டும் எழுந்துள்ளது. தண்டனையை வேண்டுவோர்க்குச் சான்றாகப் படிக்காசுப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றனைக் காட்டுதல் கூடும். போலிப் புலவரைத் தலையிற் குட்டப் பிள்ளைப்பாண்டியனும், காதறுக்க வில்லியும், தலையை வெட்ட ஒட்டக்கூத்தனும் இன்று இல்லை. தெட்டுதற்கு அறிவில்லாத் துரைகள் உளர். ஆகவே யாவரும் புலவரெனத் திரியலாம் என்பது அதன் கருத்து.

இதனைத் தண்டனைக்கு ஏங்கும் பாட்டெனக் கொள்வார் கூற்றுக்கு யாம் உடன்படுமாறில்லை. மேற்கூறிய மூவரும் ஒறுத்ததாகக் கதைகள் கூறுவன வழுவும் வாதத் தோல்வியுமேயன்றி வசையல்ல. வசைக்குத் தொல்காப்பியரே செய்யுளியலில் இடம் வகுத்துள்ளார். அங்கதத்தை இருவகைப்படுத்தி, வெளிப்படக் கூறுவதனை வசையென்றே பெயரிடுகின்றார். அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுக என எச்சவியலில் விதித்தவரும் அவரே. சொல்லின் இழிவு விலக்கப்பட்டது. பழித்துரைக்கும் உரிமை விலக்கப்படவில்லை. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குவதே இன்றைய வழக்கிடுவோர் பலரின் இடர்ப்பாடு. மேலும், தனிப்பாடலின் முடிபை நோக்குக. சினம் பாடியவர்மேல் மட்டும் பாயவில்லை. தரம் அறியாது பரிசில் நல்கிய துரைகள்மேலும் பாய்கின்றது.

வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரினர் என்ப. இன்றைய விழுப்புரம், கடலூர் மாவட்டப் பகுதிகளே அந்நாடு. வாதில் தோற்றார் காதை அறுத்துவந்த அவர் அருணகிரிநாதரோடு வாதிட்ட செய்தி செவிவழிக் கதையே. அதனை வரலாறென யாம் கொண்டிலேம். எனினும், ஒரு பெரும்புலவர்மீது மக்கள் வழங்கிய தீர்ப்பு அதன்கண் உள்ளது. கந்தரந்தாதியின் 54ஆம் பாட்டுத் தகரவருக்க எழுத்துக்களாலேயே இயன்றது. முதற்கண் கேட்பார்க்குத் தாளக்கட்டெனவே தோன்றும். பிரித்துப் பொருள் காண்பார்க்கே பாட்டாகும். அதற்கு உரை காணமாட்டாது வில்லி தோற்றார். வாது என்னும் நிலை இன்றி, கத்தியுடையார் ஒருவரே நடுவராக இருந்திருப்பின் என்னாகும்? பொருளற்ற பிதற்றலென அப்பாட்டுத் தள்ளுண்டிருக்கும். பாடியவர் காதும் போயிருக்கும். தமக்கு விளங்காமையைப் பாட்டின் குற்றமாக்கும் இவ்விடர் ஒறுப்பார் அனைவர்க்கும் உரியது. வில்லியேனும் தம் காதையும் பணயம் வைத்தார். இக்காலத்து ஒறுப்பார் அதுவும் செய்வதில்லை! அருணகிரியாரோ வென்றும் காதை அறுத்திலர். அவ்வழக்கத்தையே விடுவித்தார் என்று கதை முடிகின்றது.

இக்கதைக்கு மறுதலையான அவை ஒன்று அதே நிலப்பரப்பில், வடபால் திண்டிவனத்தில் உள்ளது. அந்நகரைச் சார்ந்த கிடங்கலே ஓய்மானாட்டு நல்லியக்கோடனது கிடங்கில். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் அவனைப் புகழ்கின்றது. அதன்கண் பரிசிலர் ஏத்தும் பண்புகளுள் இரண்டு ஈண்டைக்கு வேண்டுவன. அறிவு குறைந்தார்முன் தானும் அறியான்போல் அமைந்திருத்தல் ஒன்று; அவரவர் தரம் அறிதல் மற்றொன்று. முன்னது வாய்திறக்க அஞ்சுவார்க்கு இடமளிக்கின்றது; பின்னது பரிசிலைத் தரத்திற்கேற்ப அளக்கின்றது. தனிப்பாடலின் துரைகளிடம் இல்லாதது இப்பின்னதே. எனவே அப்பாட்டு இரங்குவது கத்தி இழந்தமைக்கன்று, வரிசையறிவு இழந்தமைக்கே என்பது எம் துணிபு.

கத்தியின் இடத்தை வழக்குமன்றம் பெற்ற காலத்தையும் நோக்குதல் வேண்டும். 1867இல் திருவருட்பா வெளிவந்தபின் எழுந்த பூசலில் 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் வழக்குமன்றத்திற்கு ஆறுமுக நாவலர் சென்றார். ஆயினும் கண்டன நூல்கள் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. அவற்றுட் பல வசையில் மிக இழிந்தவை. அவற்றைப் ப. சரவணன் திரட்டித் தந்தமையாற்றான் இரு திறத்தார் வாதத்தையும் இன்று நிறுத்துப் பார்க்க இயலுகின்றது. மாதொருபாகன் வழக்கில் 2016இல் சென்னை உயர்நீதிமன்றமும் கேட்போர் பொறுப்பையே வற்புறுத்தியது. நூல் பிடியாதார் அதனை ஒதுக்கிவிடலாம் என்பது அதன் கருத்து.

எனினும், அருட்பாப் பூசலில் இரு திறத்தார்க்கும் அச்சகமும் எழுத்தும் கற்றோர் துணையும் இருந்தன என்பதை மறத்தலாகாது. எதிர்மொழி கூற மேடையில்லாத ஒருவரைச் சாதிப்பெயரால் பலரறிய இழித்துரைத்தல் அங்கதமும் அன்று, வாதமும் அன்று. அதனைக் கேட்போர் வரிசையறிவிற்கே விட்டொழிதல் தகாது. அவரைக் காக்கவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதனைக் குற்றமாக வகுத்தது. நல்லியக்கோடன் அவையிலும் வாயிலுக்கு வெளியே நின்றோர் இருந்திருத்தல் கூடும். அவரைப் பற்றி ஆற்றுப்படை ஒன்றும் கூறவில்லை.