மூளையின் வடிகாலை அளந்தபோது

மூளைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் இரத்தம் செல்கிறது. சென்றது அனைத்தும் சிரைகள் வழியே இதயத்திற்குத் திரும்ப வேண்டும். தமனிகளை விரிவாகக் கூறும் பாடநூல்கள் இத்திரும்பும் வழியைப் பற்றிச் சுருக்கமாகவே கூறும். 2009இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை உலகின் கவனத்தை இதன்பால் திருப்பியது. ஆனால் அதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று.

நரம்பிழைகளின் உறை சிதைவதால் வருவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய். இத்தாலியின் பெராரா நகர மருத்துவர் பாவ்லோ சாம்போனியும் குழுவினரும் இந்நோய் கண்ட 65 பேரின் கழுத்து, மூளைச் சிரைகளை டாப்ளர் கேளாஒலிக் கருவியால் ஆராய்ந்தனர். ஐந்து அடையாளங்களை வகுத்து, அவற்றுள் இரண்டேனும் இருந்தால் வடிகால் பழுது என்றனர். நோயாளிகள் அனைவரிடமும் பழுது இருந்ததாம். ஒப்பீட்டுக்கு எடுத்த 235 பேரில் ஒருவரிடமும் இல்லையாம்! சிரையைப் பலூனால் விரித்தால் நோய் தணியும் என்ற நம்பிக்கை பரவியது. கனடா நோயாளிகள் பலர் சொந்தச் செலவில் போலந்துக்கும் மெக்சிகோவுக்கும் சென்று இச்சிகிச்சை பெற்றனர்.

உயிருள்ள உடலில் நூற்றுக்கு நூறு என்ற முடிவைக் கண்டால் நாம் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். எதை அளந்தார்கள்? சிரையின் சுவர் மெல்லியது. கருவியின் முனையைச் சற்று அழுத்தினாலே அது அமுங்கும். மூச்சுவிடுதலும் தலையைத் திருப்புதலும் அதன் அகலத்தை மாற்றும். உடல் நிலையும் அவ்வாறே. 2000இல் ஜெர்மன் ஆய்வாளர் வெளியிட்ட அளவின்படி, படுத்திருக்கையில் கழுத்துச் சிரைகளில் நிமிடத்திற்கு 700 மில்லி லிட்டர் ஓடிய இரத்தம், நிமிர்ந்தபோது 70 மில்லி லிட்டராகக் குறைந்தது. எஞ்சியது முதுகெலும்பை ஒட்டிய சிரைகள் வழியே செல்கிறது. எனவே ஒடுங்கிய சிரை என்பதாலேயே அது பழுதான சிரை ஆகிவிடாது. எம்.ஆர்.ஐ. கருவி ஓட்டத்தை மில்லி லிட்டர் கணக்கில் தரும்; ஆனால் வழக்கமான கருவிகளில் படுத்த நிலையில்தான் அளக்க முடியும்.

2013இல் கனடா ஆய்வாளர்கள் சிரைக்குள் குழாய் செலுத்திப் படமெடுத்துச் சோதித்தனர். சிரை பாதிக்கு மேல் ஒடுங்கியிருந்தவர்கள் நோயாளிகளில் 74 விழுக்காடு, நோயற்ற உடன்பிறந்தாரில் 66, பிறரில் 70. வேறுபாடு எங்கே? மேலும், குழாய்ப் படம் காட்டிய பத்து ஒடுக்கங்களில் ஏறத்தாழ ஆறினைக் கேளாஒலி அளவுகோல் தவறவிட்டது.

இதற்கிடையே, இச்சிகிச்சையை ஒட்டி உயிரிழப்பும் பக்கவாதமும் நேர்ந்துள்ளதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. இறுதியில் சாம்போனியே, ஒரு பிரிவினருக்குப் போலிச் சிகிச்சை அளித்து ஒப்பிடும் சோதனையை நடத்தினார். பலூன் சிகிச்சையால் பயனில்லை என்ற அதன் முடிவு 2018இல் அவர் பெயரிலேயே வெளிவந்தது. தம் கருத்துக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. அச்சோதனை முதலிலேயே நடந்திருந்தால் எத்தனையோ பேர் பணமும் நலமும் இழந்திருக்க மாட்டார்கள்.

குற்றம் கருவியினுடையதன்று. மூளைச் சிரையில் இரத்தம் உறைந்திருப்பதை உடலைக் கிழிக்காமலே எம்.ஆர்.ஐ. காட்டித் தருகிறது, அதனால் உயிர்கள் பிழைக்கின்றன. கருவி தருவது அளவு மட்டுமே. அந்த அளவு நலமுள்ளவரிடம் எவ்வளவு, அளப்பவர் மாறினால் எவ்வளவு என்று கேட்ட பின்னரே அதை நோய் என்று பெயரிட வேண்டும்.