கருநீல நெப்டியூன்: ஒரு படத்தின் நிறையும் குறையும்

வானியல் நூல்களில் நெப்டியூன் கோளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆழ்ந்த நீல உருண்டை, அதன்மேல் வெண்முகில் கீற்றுகள். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய தகவல்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட படம் அது. அழகான படந்தான். ஆனால் அது நெப்டியூனின் உண்மை நிறமா? இல்லை என்றே கூறவேண்டும்.

வாயேஜரின் காமிரா வெவ்வேறு நிற வடிகட்டிகளின் வழியே தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தது. பூமியில் அவற்றை இணைத்தபோது, மங்கலான முகில்களும் பட்டைகளும் தெளிவாகத் தெரியும் பொருட்டு வேறுபாட்டை மிகைப்படுத்தினர். கோளும் கருநீலமாயிற்று. ஆய்வுக்கு அது பயனுள்ள உத்தியே. அன்று அதைக் குறிப்பிட்டும் இருந்தனர். நாளடைவில் குறிப்பு மறைந்து, படம் மட்டும் நிலைத்துவிட்டது. குறை இங்கேதான் நேர்ந்தது.

2024இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் இர்வின் குழுவினர், ஹபிள் தொலைநோக்கி முதலியவற்றின் நிறமாலை அளவுகளைக் கொண்டு வாயேஜர் படங்களின் நிறத்தைச் சீர்செய்தனர். நெப்டியூனும் யுரேனஸைப் போலவே பச்சை கலந்த வெளிர்நீலம் எனத் தெரிந்தது. நீலம் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இத்தகைய திருத்தங்களுக்கு இடமளிப்பவை, அழியாமல் காக்கப்படும் மூலப் பதிவுகளே.

உங்கள் காமிராவுக்கும் இது பொருந்தும். அதன் உணர்தகட்டில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற ஒளியை மட்டுமே அளக்கிறது. ஜேபெக் படமாக்கும்போது காமிரா தானே நிறத்தை முடிவுசெய்து, ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளுக்குள் சுருக்கி, எஞ்சியதை நீக்கிவிடுகிறது. 'ரா' எனப்படும் மூல வடிவிலோ, 14 பிட் காமிராவாயின், 16,384 படிகள் வரை கிடைக்கும். நிழலில் மறைந்த விவரங்களையும், விளக்கொளியில் மாறிய நிறத்தையும் பின்னர் சீராக்கலாம். கோப்பு பெரிதாகும் என்பதும், மிகையொளியில் முற்றிலும் வெளுத்த பகுதி மீளாது என்பதும் உண்மையே. எனினும், படத்தை அழகுக்காக மட்டுமன்றிச் சான்றாகவும் கொள்ள விரும்புவோர்க்கு மூலக் கோப்பு இன்றியமையாதது.

அடுத்த சந்திர கிரகணத்தைப் படமெடுக்கும்போது மூலக் கோப்பையும் சேமித்து வையுங்கள். பிறருக்குக் காட்டும் படத்தின் கீழே, எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரியும் எழுதுங்கள்.