நான்கு முகப் பகடை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு 1978-இல் வெளிவந்த விதிநூலான 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில், எவ்வளவு அடி தாங்கலாம் என்று காட்டும் உயிர்ப்புள்ளிகளுக்காக மந்திரவாதிக்கு ஒதுக்கப்பட்டது நான்கு முகப் பகடை. உருட்டினால் ஒன்று முதல் நான்குக்குள் ஏதோ ஓர் எண் விழும்; எதிரியின் நீண்ட வாளோ ஒரே வீச்சில் எட்டுப் புள்ளி வரை பறித்துவிடும். கவசம் அணியக் கூடாது, வாளைத் தொடக் கூடாது. தொடக்கத்தில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். உச்சரித்த மறுகணம் அதுவும் நினைவிலிருந்து அழிந்துபோகும். இந்த நோஞ்சானைத் தேர்ந்தெடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சாலும் பகடையாலும் ஒரு சாகசத்தை நடத்துகிறார்கள். அந்தப் பாத்திரத்தின் தொழில்தான் 'கிளாஸ்'. ஒரு கிளாஸை ரசிக்க வேண்டுமென்றால் அதன் வல்லமைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்கு மறுக்கப்பட்டவற்றை முதலில் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் பதிப்பில், 1974-இல், மூன்றே கிளாஸ்கள் இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, கிளரிக் எனப்படும் மதகுரு. வீரனுக்கு எல்லா ஆயுதமும் உண்டு, மந்திரம் கிடையாது. மந்திரவாதிக்கு மந்திரம் உண்டு, உடம்பில் தெம்பு கிடையாது. மூன்றாமவர்தான் சுவாரஸ்யமானவர். ஆர்னசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவரின் ரத்தக்காட்டேரிப் பாத்திரம் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட, அதற்கு மாற்றாகப் பிறந்தவர் இவர். திரைப்பட டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கின் சாயல் இவரிடம் உண்டு. கவசம் அணியலாம், காயம் ஆற்றலாம், செத்தும் நடமாடுபவற்றை விரட்டலாம். ஆனால் கூர்முனை ஆயுதம் கூடாது. ரத்தம் சிந்துவது இவருக்கு விலக்கு. (தண்டாயுதத்தால் மண்டையைப் பிளந்தால் ரத்தம் வராதா என்று கேட்கக் கூடாது.) அனுபவம் சேரச் சேர ஏறும் நிலைகளில் முதலாவதில் ஒரு மந்திரம்கூட இல்லை, இரண்டாம் நிலையில்தான் கிடைக்கும். மூவரில் எவராலும் தனியே ஒரு நிலவறையைக் கடக்க முடியாது. மந்திரவாதி வீரனுக்குப் பின்னால் ஒதுங்குகிறான், வீரன் காயத்தோடு குருவிடம் வருகிறான். அந்தத் தேவையிலிருந்துதான் மேசையில் பேச்சே தொடங்குகிறது. மறுப்பு காலத்தின் போக்கில் ஈடாவதும் உண்டு: ஐந்தாம் நிலைவரை உயிர் பிழைத்த மந்திரவாதி தீப்பந்து மந்திரத்தை வீசும்போது, அதுவரை அவனைப் பொத்திப் பொத்திக் காத்தவர்கள் பின்னால் ஒதுங்குகிறார்கள்.

கிளாஸ் என்பதே ஒரு கூண்டு, மனிதர்கள் இப்படிப் பெட்டி பெட்டியாகவா இருக்கிறார்கள் என்பது பழைய ஆட்சேபணை. 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டம் கிளாஸ்களையே தூக்கி எறிந்தது. எந்தத் திறனைப் பயன்படுத்துகிறோமோ அது வளரும், மந்திரம் எல்லோருக்கும் பொது. அருமையான ஆட்டம்தான். ஆனால் வாசலில் விரட்டிய மறுப்பு அதில் கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது. மரணத்தின் தெய்வமான ஹுமாக்தை வழிபடுபவர் வரம் பெறும்போது விரதமும் ஏற்க வேண்டும்; இறந்துவிட்டால் அவரை மீட்டெழுப்ப வழியில்லை. அந்த ஆட்டத்தில் ரசிகர்களின் மனதில் தங்கியவர்களில் இந்த ஹுமாக்த் அடியார்களும் உண்டு. கூண்டை வெறுத்தவர்களும் கம்பிகளை முழுக்கக் கைவிடவில்லை.

எல்லா மறுப்பும் நல்லதென்று சொல்லிவிட முடியாது. 1975-இல் கிரேஹாக் துணைநூலில் திருடன் வந்தான். ஒளிவதற்கும் பூட்டுத் திறப்பதற்கும் அவனுக்குச் சதவீதக் கணக்கு. அதற்கு முன்பு யாரும் "தூணுக்குப் பின்னால் ஒளிகிறேன்" என்று சொல்லிவிடலாம். அட்டவணை வந்ததும், அது இல்லாதவர்களுக்கு ஒளியத் தெரியாது என்றாகிவிட்டது. திருடனுக்கே 1978-இன் கணக்கில் தொடக்கத்தில் நிழலில் மறைய பத்து சதவீத வாய்ப்புதான். தனக்கும் பெரிதாகக் கிடைக்கவில்லை, பிறரிடமிருந்தும் பறித்துவிட்டான். சுமப்பவரைக் கட்டுகிற மறுப்பு அவருக்கு ஒரு குணத்தைத் தருகிறது. அடுத்தவரைக் கட்டுவது வெறும் வேலி. குருவின் நிலையும் சிக்கல்தான். மந்திரங்களையெல்லாம் மற்றவர்களின் காயத்துக்கே சேமித்துவைக்க நேர்ந்ததால் அந்தப் பாத்திரம் பலருக்கு வேண்டாத வேலையானது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, அவர் தயாராக வைத்திருக்கும் பெரும்பாலான மந்திரங்களைத் தேவைப்படும்போது காயமாற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ள விட்டது. அந்தத் தளர்வு நியாயமானது.

2008-இன் நான்காம் பதிப்பு தாங்குபவர், தாக்குபவர், தலைமையேற்பவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர் என்று ஒவ்வொரு கிளாஸின் நெற்றியிலும் சீட்டு ஒட்டியது. பொய்யில்லை, ஆனால் சமையல் குறிப்பைத் தட்டிலேயே எழுதிவைத்த மாதிரி. 2014-இன் ஐந்தாம் பதிப்பிலோ மந்திரவாதி நாள் முழுவதும் சலிக்காமல் தீக்கணை எறிகிறான், ஓர் இரவு உறங்கி எழுந்தால் எல்லோருக்கும் உயிர்ப்புள்ளிகள் முழுதாகத் திரும்பிவிடுகின்றன. ஆடுவதற்கு இலகு. ஆனால் அந்த ஒற்றை மந்திரத்தை இப்போதே செலவழிப்பதா, அடுத்த கதவுக்கு வைத்துக்கொள்வதா என்ற தவிப்பு அதில் நீர்த்துப்போய்விட்டது.

அந்த 1978 நூலின் பாலடின் என்ற புனித வீரனைப் பாருங்கள். நோயைக் குணமாக்குபவன். ஆனால் பத்து மாயப் பொருள்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, வருமானத்தில் பத்திலொரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும், அறிந்தே ஒரு தீமை செய்தால் பாலடின் என்ற தகுதி நிரந்தரமாகப் போய்விடும். அவன் பக்கத்தில் ஒரு திருடன் உட்கார்ந்து, கைதியின் சுருக்குப்பையைக் கண் காட்டிச் சிரித்தால் போதும். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அன்றைக்குக் கதை எதுவும் தயாரித்து வரத் தேவையில்லை.