எண்ணெய் வழியும் முகத்தில் கன்டூர் நிற்க எந்த பிரஷ்?

க்ரீம் கன்டூர் வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதில் நாம் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட பிரஷ்ஷிடம் காட்டுவதில்லை. செட்டோடு வந்தது, அக்கா கொடுத்தது, வீட்டில் கிடந்தது என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தேய்த்துவிடுகிறோம். வறண்ட சருமக்காரர்களுக்கு அப்படியும் காலம் ஓடிவிடும். எண்ணெய் வழியும் முகம் அதற்கு இடம் கொடுக்காது. காலை எட்டு மணிக்குக் கன்ன எலும்புக்கு அடியில் கச்சிதமாக நின்ற நிழல், சென்னை வெயிலில் பதினொரு மணிக்குள் திட்டுத் திட்டாக வாயோரம் வரை இறங்கியிருக்கும். உடனே க்ரீமைத் திட்டுவோம். பாதிக் குற்றம் பிரஷ்ஷுடையது என்பதுதான் நான் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

காரணம் எளிது. சருமத்தில் சுரக்கும் எண்ணெயும், க்ரீம் கன்டூரில் இருக்கும் எண்ணெய், மெழுகு வகைகளும் சுலபமாக ஒன்றில் ஒன்று கரைந்துகொள்ளும். பூச்சு தடிமனாக இருந்தால் அடியிலிருந்து ஊறிவரும் எண்ணெய் அதை இளக்கி, மொத்தமாக நகர்த்திவிடும். மெல்லிய பூச்சில் நகர்வதற்கே அதிகம் இருக்காது. மேலே ஒற்றும் பவுடரும் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் எண்ணெய்ச் சருமத்துக்கான பிரஷ்ஷை நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்: எவ்வளவு குறைவான க்ரீமை, அடியில் இருக்கும் ஃபவுண்டேஷனைக் கலைக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிறது? மென்மை, கைப்பிடியின் அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நெற்றி, மூக்கு, முகவாய் மூன்றும் மதியத்துக்குள் பளபளத்துவிடும் முகம் என்னுடையது. கன்னத்தில் அவ்வப்போது பருவும் எட்டிப்பார்க்கும். ஒரே க்ரீம், ஒரே ஃபவுண்டேஷன், ஒரே பவுடர் வைத்துக்கொண்டு, வலக் கன்னத்துக்கு ஒரு பிரஷ், இடக் கன்னத்துக்கு இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்தேன். விளைவைப் பார்த்தது ஜன்னல் வெளிச்சத்தில். கண்ணாடியைச் சுற்றி எரியும் விளக்கு எந்தப் பூச்சையும் நன்றாகவே காட்டிவிடும். மதியம் ஒரு டிஷ்யூவை இரு கன்னத்திலும் ஒற்றி, எதில் பழுப்பு அதிகம் ஏறுகிறது என்று ஒப்பிட்டேன். ஸ்கூட்டர் பயணமும் ஒரு பரீட்சைதான். ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு சரியாகக் கன்டூர் போடும் இடத்தில்தான் வந்து அழுத்துகிறது. அதற்குத் தாங்கிய பூச்சு எதற்கும் தாங்கும்.

முதலில் தட்டையான தலை கொண்ட கபுகி பிரஷ். சிக்மாவின் எஃப்80 வந்து இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. இன்று எல்லா பிராண்டும் இதில் ஒன்று வைத்திருக்கின்றன. முடி நெருக்கமாக, குட்டையாக இருக்கும். ஃபவுண்டேஷனுக்கு இதைப் போல வேறொன்று இல்லை என்பேன். கன்டூருக்கு வரும்போது அகலம்தான் இடிக்கிறது. கன்ன எலும்புக்கு அடியில் நமக்கு வேண்டியது ஒரு விரல் அகல நிழல். இந்த பிரஷ் அதை இரண்டு விரலாக்கிவிடும். கன்னம் ஒட்டியதுபோல் தெரிவதற்குப் பதில் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். இன்னொன்று, இது க்ரீமை வயிற்றுக்குள் நிறைய வாங்கி வைத்துக்கொண்டு முதல் தொடுதலிலேயே கொட்டிவிடும். முகத்தில் வைப்பதற்கு முன் புறங்கையில் இரண்டு தட்டு தட்டினால் அது அடங்கும். அதோடு, வட்டம் வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அடியில் இருக்கும் ஃபவுண்டேஷன் சுருண்டு எழுந்து வந்துவிடும். இதைக் கையோடு ஃபவுண்டேஷனுக்கே ஒதுக்கிவிடலாம்.

எனக்குப் பிடித்தது, சாய்வாக வெட்டிய தலையோடு வரும் சின்ன, அடர்த்தியான பிரஷ். சிக்மாவின் எஃப்84 இந்தச் சாய்வு வடிவத்துக்குப் பெயர்போன உதாரணம். முகம் குறுகலாக இருப்பவர்கள் அதைவிடச் சின்ன தலையாகத் தேட வேண்டும். பல இந்திய பிராண்டுகளில் கன்டூர் பிரஷ், கன்சீலர் பஃபிங் பிரஷ் என்ற பெயர்களில் கிடைக்கும். சாய்வின் நீண்ட நுனியைக் காதோரம் வைத்தால், வெட்டின் சரிவே கன்ன எலும்பின் அடிக்கோட்டோடு பொருந்திக்கொள்கிறது. கையை இழுக்க வேண்டியதே இல்லை. காதிலிருந்து தொடங்கி, கண்ணின் வெளிக்கோணத்துக்கு நேர்கீழே வரும்வரை தட்டித் தட்டிப் போய், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெயைப் பரத்த அரை வெங்காயத்தை வைத்து அழுத்துவோமே, அந்த அழுத்தம்தான் இதற்கும். படலம் எங்கும் ஒரே மெலிதாக விழும். மதியம் டிஷ்யூவில் இந்தப் பக்கம் ஏறிய பழுப்பு மங்கலாக, கவனித்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது பஞ்சு அழுத்திய இடத்தில் லேசாக மங்கியிருந்தது. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

நெற்றியோரத்துக்கும் தாடை ஓரத்துக்கும், தலை உருண்டையாக, கட்டைவிரல் நுனி அளவில் இருக்கும் சின்ன அடர் பிரஷ் வசதி. மேக் கம்பெனியின் 109 இந்த வகை. முடி முளைக்கும் ஓரத்தில் க்ரீம் திட்டாக நிற்பதுதான் எண்ணெய் நெற்றியின் பெரிய தொல்லை. இந்த உருண்டைத் தலை முடியின் வேருக்குள் க்ரீமைத் திணிக்காமல் ஓரத்தை மட்டும் மங்கலாக்குகிறது. கையில் பணம் குறைவு என்றால் சாய்வு பிரஷ்ஷிலேயே இதையும் சமாளிக்கலாம்.

அடுத்து டுவோ ஃபைபர். கீழே கறுப்பாக அடர்ந்த குட்டை முடி, அதற்கு மேலே வெள்ளையாக நீண்டு நிற்கும் மெல்லிய முடி என்று இரண்டு நீளம் கலந்து கட்டியது. மேக் 187 பலரும் பார்த்திருப்பார்கள். ‘லேசாகப் பூசும், எண்ணெய்ச் சருமத்துக்கு இதுதான்’ என்று கடைகளில் சொல்வது வழக்கம். திரவமாகவோ மூஸாகவோ வரும் கன்டூருக்கு அந்தப் பேச்சு சரி. கெட்டியான ஸ்டிக்குக்கு இது ஆகவே ஆகாது. நீண்ட முடி வளைந்து வழுக்குகிறது. மெழுகுக் க்ரீமை இழுத்துப் பரப்பும் பலம் அதற்கு இல்லை. ஒரே இடத்தில் போய்ப் போய் வர வேண்டியிருக்கிறது, அதற்குள் கோடு கோடாகிவிடுகிறது. கல்யாண மேக்கப்பில் நம் ஊரில் அதிகம் புழங்கும் ஸ்டிக்குகளில் ஒன்று கிரையோலானின் டிவி பெயின்ட் ஸ்டிக். 1945-இல் பெர்லினில் தொடங்கிய அந்தக் கம்பெனி மேடைக்கும் திரைக்கும் மேக்கப் செய்து வளர்ந்தது. அப்படிப்பட்ட கெட்டி நிறமியை மெலிதாக்க முரட்டு அடர்த்தி வேண்டும். டுவோ ஃபைபரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஸ்பாஞ்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரியா ஆன் சில்வா என்ற மேக்கப் கலைஞர் 2003-இல் பியூட்டி பிளெண்டரைக் கொண்டுவந்ததிலிருந்து, முட்டை வடிவ ஸ்பாஞ்ச் இல்லாத மேக்கப் பை இல்லை. எண்ணெய்ச் சருமத்தில் கன்டூரைப் பூச அதை நான் பயன்படுத்துவதில்லை. க்ரீமில் பாதியை அதுவே குடித்துவிடும், ஓரமும் நிற்காது. ஆனால் சாய்வு பிரஷ்ஷால் பூசி முடித்ததும், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை அதே இடத்தில் ஒருமுறை ஒற்றி எடுத்தால், மிச்சம் மீதி க்ரீம் அதில் ஏறிவிடுகிறது. பூச்சு இன்னும் மெலிகிறது. அதன்பின் லூஸ் பவுடரைப் பஃப்பில் எடுத்து, உதறி, தேய்க்காமல் அழுத்தினால் போதும். ஸ்பாஞ்சில் ஈரம் சொட்டினால் எல்லாம் கெட்டுவிடும். துண்டில் வைத்து இன்னொரு பிழி பிழிந்துகொள்ளுங்கள்.

மூக்கைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. அங்கே க்ரீம் கன்டூரே வேண்டாம். எவ்வளவு நல்ல பிரஷ்ஷாக இருந்தாலும், மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கும் அடிக்கடி கர்ச்சீப்பால் ஒற்றுபவர்களுக்கும் அது நிற்காது. மேக் 217 போல, ஐ ஷேடோ மங்கலாக்கும் சின்ன பஞ்சு பிரஷ்ஷால் பவுடர் கன்டூரை லேசாக இழுத்துவிட்டால் போதும்.

முடி வகையில் எண்ணெய்ச் சருமக்காரர்கள் குழம்பத் தேவையில்லை: க்ரீமுக்குச் செயற்கை முடிதான். ஆட்டு முடி, அணில் முடி பிரஷ்களைக் கடையில் தொட்டால் விட மனசு வராது. ஜப்பானில் ஹிரோஷிமாவுக்கு அருகில் உள்ள குமானோ என்ற ஊர் தலைமுறை தலைமுறையாகத் தூரிகை கட்டியே பெயர் வாங்கியது. அங்கே கட்டிய ஆட்டு முடி பிரஷ்ஷால் பவுடர் பூசுவது ஒரு தனி சுகம். விலங்கு முடியின் மேற்பரப்பில் செதில் செதிலாக அடுக்கு இருக்கும். பவுடரை அள்ளிப் பிடித்து, சீராக உதிர்ப்பது அதுதான். க்ரீம் பட்டாலோ அதே செதில்கள் எண்ணெயை உறிஞ்சி, முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். க்ரீம் பிரஷ்ஷை அடிக்கடி கழுவ வேண்டும். இயற்கை முடி அத்தனை சோப்பைத் தாங்காமல் முரடாகிவிடும். நைலான், பிபிடி போன்ற செயற்கை இழைகள் வழவழப்பானவை. க்ரீமை உள்ளே வாங்காமல் வெளியே சுமந்து வந்து கொடுத்துவிடும். நைலான் முதன்முதலில் கடைக்கு வந்ததே 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் முடியாகத்தான். புகழ்பெற்ற காலுறையெல்லாம் அதற்குப் பின். தண்ணீரும் சோப்பும் பட்டுப் பட்டு உழைப்பதற்கு அந்த இழை அன்றிலிருந்தே பழகியது.

கடையில் எப்படிப் பார்ப்பது? கன்னத்தில் வருடிப் பார்த்து வாங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வருடினால் இதமாக இருப்பது பெரும்பாலும் நீளமான, தளர்ந்த முடிதான். நமக்கு அது உதவாது. பிரஷ்ஷை உள்ளங்கையில் நேராக அழுத்துங்கள். முடி நாலாபக்கமும் பூவாய் விரிந்தால் கீழே வையுங்கள். ஒரு துளி வளைந்து, விட்டதும் பழைய வடிவத்துக்கே வந்தால் அது நம் பிரஷ். அடுத்து, பூணுக்கு மேலே முடியை இரு விரலால் பிரித்துப் பாருங்கள். அடிவரை இடைவெளி தெரிந்தால் அடர்த்தி போதாது. கைப்பிடியை ஒரு கையிலும் பூணை மறு கையிலும் பிடித்துத் திருகினால் ஆடக் கூடாது. ஆன்லைனில் வாங்கிய ஒரு செட்டில், இரண்டாவது கழுவலிலேயே பூண் தனியாக, காம்பு தனியாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியாக, பரு வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது முடியின் நுனி. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், நல்ல இழை நுனிக்குப் போகப் போக மெலிந்து முடிவது தெரியும். மொட்டையாக வெட்டிய நுனி என்றால் தட்டும்போதே சுருக்கென்று குத்தும். புண்ணான பருவில் அது வேண்டாத வினை.

பூசும் முறையில் ஒரு வார்த்தை. ஸ்டிக்கை நேராக முகத்தில் கோடிழுக்காதீர்கள். புறங்கையிலோ ஸ்டீல் தட்டிலோ தடவி, உடல் சூட்டில் இளகவிட்டு, பிரஷ் நுனியால் மட்டும் எடுங்கள். எண்ணெய் அதிகம் வழிபவர்கள் வரிசையையே மாற்றிப் பார்க்கலாம்: முதலில் கன்டூர், அதற்கு மேல் மிக மெல்லிய ஃபவுண்டேஷன். மேரி ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்க மேக்கப் கலைஞர் பிரபலமாக்கிய இந்த அண்டர்பெயின்டிங் முறையில், நிழல் பூச்சுக்கு அடியிலிருந்து தெரிகிறது. உரசல் நேரடியாக அதன் மேல் படுவதில்லை. எனக்கு வெயில் மாதங்களில் இதுதான் ஒத்துவருகிறது.

இனி கழுவுதல். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை மேக்கப் பிரஷ்களைக் கழுவச் சொல்கிறது. எண்ணெய்ச் சருமத்துக்கு, அதுவும் க்ரீம் பிரஷ்ஷுக்கு, ஏழைத் தாண்டவிடாதீர்கள். பழைய க்ரீமும் முகத்து எண்ணெயும் முடிக்குள் இறுகிய பிரஷ், அடுத்த முறை எவ்வளவு எடுத்தாலும் அளவு தப்பித்தான் வைக்கும், பருவையும் கிளப்பிவிடும். உள்ளங்கையில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அதில் பிரஷ்ஷைச் சுழற்றி, முடி கீழே பார்க்கும்படி பிடித்துக் குழாயில் அலசுங்கள். தண்ணீர் பூணுக்குள் ஏறினால் பசை இளகி முடி கொட்டும். அதனால் டம்ளரில் நிறுத்தி வைப்பது கூடாது. காயவைக்கும்போது மேசை ஓரத்தில், தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வைக்க வேண்டும்.

அடர்த்தியான முடி காய நேரமெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுநாளும் அடியில் ஈரம் இருக்கும். ஈர பிரஷ்ஷில் க்ரீம் வழுக்கும். பன்னிரண்டு பிரஷ் செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில், சின்ன சாய்வு பிரஷ் ஒரே வடிவத்தில் இரண்டாக வாங்கி வையுங்கள்; ஒன்று காயும்போது மற்றது கையில் இருக்கும்.