ஒரு பைசாவின் மதிப்பு

அவலூர்பேட்டையைப் போன்ற சிற்றூர்கள் நாளிதழ்களில் இடம்பெறும் நாள்கள் சிலவே. விற்பனைக்கூடத்து நெல் விலையும் மணிலா விலையும் அச்சேறும். சாலை விபத்தும் திருவிழாவும் அச்சேறும். ஆனால், கூலி ஏன் குறைந்தது, குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோயிற்று என்னும் வினாக்களுக்கு அங்கே இடம் அரிது. அவ்வினாக்களைக் கேட்கவே தனி இதழ்கள் தேவைப்படுகின்றன.

இத்தேவையை நன்குணர்ந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். சித்த மருத்துவரான அவர், 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையே பெயராயிற்று, ஏழையும் வாங்கலாம் என்பதே அதன் முதல் அறிவிப்பு. 1908இல் அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. சுதேசியக் குரல் ஓங்கி ஒலித்த அந்நாளில், சாதி நீங்காத நாட்டில் விடுதலை யாருக்கு என்று அவ்விதழ் வினவியது. பிறர் தந்த செய்தியைத் திருப்பிச் சொல்லாமல், அச்செய்தியைத் தாழ்த்தப்பட்டோர் பக்கம் நின்று எடைபோட்டதே அதன் தனிச்சிறப்பு.

குறைகளும் உண்டு. அவர் தந்த சொல்விளக்கங்கள் சிலவற்றை ஆய்வாளர் ஏற்பதில்லை. இதழ் பெரிதும் ஒருவர் தோளிலேயே நின்றது. 1914இல் அவர் மறைந்தபின் தளர்ந்தது. பின்னர்க் கோலார் தங்கவயல் தமிழரே அதற்கு மீண்டும் உயிரூட்டினர். வாசகரே இதழைத் தாங்கினர் என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

கிறித்தவருக்குள் சாதி பேணப்படுவதையும் அயோத்திதாசர் கடிந்தெழுதினார். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் நூலாக வெளியிட்டது பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். நம்மைக் கடிந்த குரலை நம் நிறுவனமொன்றே காத்துத் தந்தது. இது நமக்குப் பெருமை மட்டுமன்று, பொறுப்புமாகும்.

இம்மரபு இன்றும் அற்றுவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002இல் கிராமப் பெண்கள் தொடங்கிய 'கபர் லஹரியா', தங்கள் வட்டார மொழியான புந்தேலியில் செய்தி தந்தது. 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசையும் பெற்றது. பட்டமும் பெருமுதலும் இன்றியே செய்தியாளர் உருவாகலாம் என்பதற்கு அப்பெண்களே சான்று.

நம் ஊரிலும் அத்தகைய இதழ் ஒன்று தோன்றினால் நாம் என் செய்வோம்? அது பிறரைக் கேட்கும்போது மகிழ்ந்து, நம்மைக் கேட்கும்போது சந்தாவை நிறுத்திவிடுவோமா? விலை கொடுத்து வாங்கி, நமக்குக் கசக்கும் பக்கத்தையும் பொறுமையோடு படிப்போமாயின், அவ்விதழ் வாழும். நம் ஊரும் தன்னைத் தானே அறியும்.