இழப்பும் இன்மையும்: நூலகப் பதிப்புரிமை விலக்குகளும் ஊவாத் தோட்டங்களும்

இலங்கைச் சட்டம் நூலகங்களுக்கு வழங்கியுள்ள பதிப்புரிமை விலக்குகளைப் பாராட்டுவோர், அவை எத்தகைய நூலகத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டன என வினவுவதில்லை. பதுளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து நோக்கும்போது இவ்வினா தவிர்க்கவியலாததாகின்றது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இலாப நோக்கற்ற நூலகம் உரிமையாளரின் அனுமதியின்றி ஒரேயொரு பிரதி எடுக்க இரு நிலைகளில் இடமளிக்கின்றது. கற்பதற்காக ஒருவர் வேண்டும் கட்டுரையோ நூலின் சிறுபகுதியோ முதலாவது. கூட்டு உரிம ஏற்பாடு கிடைக்குமாயின் இச்சலுகையும் நீங்கிவிடும். தன்னிடமுள்ள பிரதியைப் பேணுவதும், பிறிதொரு நூலகத்தின் நிரந்தரச் சேகரத்தில் தொலைந்த, அழிந்த பிரதியை ஈடுசெய்வதும் இரண்டாவது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்தோர் இதன் பெறுமதியை மறுக்கமாட்டார். ஆயின், பசறையிலோ லுணுகலையிலோ உள்ள தோட்ட வாசிகசாலையொன்று எதனை இழந்ததெனக் கூறி இச்சலுகையைக் கோருவது? அந்நூல் அங்கு ஒருபோதும் இருந்ததில்லை. சட்டம் இழப்பை அறியும், இன்மையை அறியாது.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' ஈண்டு நோக்கற்பாலது. தோட்டத் தொழிலாளர் வாய்மொழியாகப் பாடியவற்றின் தொகுப்பு அது. ஆசிரியர் 1984இல் மறைந்தார். ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் என்னும் விதிப்படி தொகுப்பின் உரிமை 2054 முடிவுவரை நீளும். (அவர் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது எம் நோக்கமன்று, அதுவின்றேல் அப்பாடல்களிற் பல மறைந்தே போயிருக்கும்.) பாடல்கள் தம்மளவில் அவருடைமையல்ல என்பது மெய்யே. எனினும் நாட்டார் வெளிப்பாடுகளை வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ வெளியிடுவதற்கு, அமைச்சர் குறிக்கும் அதிகாரபீடத்தின் இசைவு வேண்டுமென அதே சட்டம் கூறுகின்றது. தொகுத்தவர்க்கு உரிமை, அரசுக்கு அதிகாரம். கொழுந்தெடுத்தவாறே பாடிய பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் விலக்குகளை நம்பியிராது, உரியவரின் அனுமதி பெற்று ஈழத்து நூல்களை இணையத்தில் வைக்கும் வழியைக் கைக்கொண்டது. பயன் மிக்க வழிதான். ஆயினும் ஆசிரியர் மறைந்து, வெளியீட்டகமும் மூடப்பட்டபின் அனுமதியை எவரிடம் கேட்பது? சிறு தொகையாக அச்சாகி மறுபதிப்புக் காணாத மலையக நூல்கள் பலவற்றின் நிலை இதுவே.

பார்வைக் குறைபாடுடையோர்க்கு நூல்கள் கிட்டாமையையே விலக்குக்குரிய காரணமாக ஏற்ற 2013ஆம் ஆண்டின் மராக்கேசு உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்துள்ளது. ஈடுசெய்யும் விதியில் 'அழிந்த' என்பதனை அடுத்து 'என்றுமே இல்லாத' என்ற சொற்களையும் சேர்ப்பதற்குத் தடை யாதென எமக்குப் புலப்படவில்லை.